தமிழ்க் காது எப்படிக் கேட்கிறது? தமிழகப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொழியியல், உளவியல், நரம்பியல், செவித்திறன் துறைகளில் பணியாற்றும் மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் பேச்சு, கேட்டல் பயிற்சி அளிக்கும் தொழிலில் இருப்பவள். பக்கவாதத்துக்குப் பிறகு பிறர் பேசுவது புரியாமல் தவிக்கும் பெரியவர்களும், உட்செவிக்குள் வைக்கும் கேட்புக் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தப்பட்ட சிறு குழந்தைகளும் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் சார்பில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். காதில் விழும் தமிழ்ச் சொல்லை மூளை எப்படி அடையாளம் காண்கிறது என்பதைத் தமிழையே மையமாக வைத்து, ஆண்டுக்கணக்கில் விடாமல் ஆராயும் ஒரு பணியை உங்களில் சிலர் சேர்ந்து தொடங்க வேண்டும். இது ஏன் தேவை என்பதை ஆன் கட்லர் என்ற ஆய்வாளரின் உழைப்பை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும். உங்களில் பலர் அவர் கட்டுரைகளைப் பாடமாகவே நடத்தியிருப்பீர்கள். ஆனாலும் இந்த மடலைப் பெற்றோரும் ஆசிரியர்களும் படிக்கக்கூடும் என்பதால் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

அச்சிட்ட பக்கத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்கிறது. பேச்சில் அது கிடையாது. பேசுபவர் மூச்சு விடும் இடத்தில் நிறுத்துவார், யோசிக்கும் இடத்தில் நிறுத்துவார். சொல் முடியும் இடத்தில் நிறுத்தமாட்டார். தெரியாத மொழியை வானொலியில் கேட்கும்போது எல்லாம் ஒரே ஓட்டமாக, வேகமாக ஓடுவதுபோல் படுவதற்குக் காரணம் இதுதான். அந்த மொழிக்காரர்களும் நாம் பேசும் வேகத்தில்தான் பேசுகிறார்கள். எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று வெட்டிக் கொடுக்கும் வேலையை நம் மூளை நமக்குத் தெரியாமலேயே செய்துவிடுவதால், தாய்மொழியில் மட்டும் இடைவெளி இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

அந்த வேலை எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதை 1973இல் வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் காட்டினார். ஒருவர் பேசப் பேச அதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். சிலரால் வெறும் 250 மில்லி வினாடி பின்தங்கியே இதைச் செய்ய முடிந்தது. அதாவது கால் வினாடி, ஓர் அசை அளவுதான். பொருள் விளங்காமல் கிளிப்பிள்ளைபோல் சொன்னார்களா என்று பார்த்தால் அதுவும் இல்லை. அவர்கள் செய்த தவறுகள்கூட வாக்கியத்தின் பொருளுக்கும் இலக்கணத்துக்கும் பொருந்தியே வந்தன. இதிலிருந்து அவர் வளர்த்த கொள்கை இன்றும் இத்துறையின் அடித்தளத்தில் இருக்கிறது. ஒரு சொல்லின் முதல் ஒலிகள் காதில் விழுந்த உடனே, அப்படித் தொடங்கும் எல்லாச் சொற்களும் மூளையில் ஒருசேர விழித்துக்கொள்கின்றன. 'கரு' என்று கேட்டதும் கருப்பு, கரும்பு, கருவி, கருணை, கருவேலம் எல்லாம் எழுந்து நிற்கின்றன. அடுத்த ஒலி வர வர, பொருந்தாதவை விலகுகின்றன. பல சமயம் சொல் முழுதாக முடியும் முன்பே ஒன்று மட்டும் எஞ்சிவிடுகிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் எளிது. ஆனால் சொற்களுக்குள்ளேயும் சொற்கள் ஒளிந்திருக்கின்றன. 'தாமரை'யில் தா இருக்கிறது, தாம் இருக்கிறது, மரை இருக்கிறது. 'பல்கலைக்கழகம்' என்பதில் பல், கல், கலை, கழகம், அகம் என்று எத்தனையோ. நம் புலவர்கள் பிரிமொழிச் சிலேடை பாடி விளையாடியது இந்த இயல்பை வைத்துத்தான். கேட்பவர் மூளையில் இவையும் தலை தூக்குகின்றனவா? தூக்குகின்றன என்பதையும், முழுச் சொல்லோடு போட்டியிட்டுத் தோற்று அடங்குகின்றன என்பதையும் 1994இல் ஜேம்ஸ் மெக்வீன், டென்னிஸ் நோரிஸ், ஆன் கட்லர் மூவரும் சோதனையில் காட்டினார்கள். அதே ஆண்டு நோரிஸ் இந்தப் போட்டியைக் கணினியில் நடத்திக் காட்டும் ஷார்ட்லிஸ்ட் என்ற மாதிரியையும் வெளியிட்டார்.

இனி கட்லரிடம் வருகிறேன். 1945இல் மெல்போர்னில் பிறந்தவர். மொழிகளும் உளவியலும் படித்து, டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜில் பத்தாண்டுக்கு மேல் ஆய்வு செய்து, 1993 முதல் 2013 வரை நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவராக இருந்தார். பிறகு தாய்நாட்டில் மேற்கு சிட்னி பல்கலைக்கழகத்தில் பணியைத் தொடர்ந்தார். 2022இல் மறையும் வரை அவரைத் துரத்திய கேள்வி ஒன்றே: கேட்கும் முறை மனிதர் எல்லோருக்கும் ஒன்றா, அல்லது தாய்மொழி அதைச் செதுக்குகிறதா?

அதற்கு விடை தேடிய சோதனைகளின் எளிமை இன்றும் என்னை வியக்க வைக்கிறது. 1981இல் பிரான்சில் ஜாக் மெலரும் அவர் குழுவும் ஒரு சோதனை செய்திருந்தார்கள். சொற்களைக் கேட்டுக்கொண்டே, குறிப்பிட்ட ஒலித்துண்டு வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். 'பலான்ஸ்' என்ற சொல்லில் 'ப' என்ற துண்டைப் பிரெஞ்சுக்காரர்கள் விரைவாகப் பிடித்தார்கள்; 'பல்' என்ற துண்டுக்குத் தாமதமானது. 'பல்கோன்' என்ற சொல்லில் நேர்மாறு. சொல்லின் அசை எங்கே வெட்டுகிறதோ அங்கே துண்டும் வெட்டினால் வேகம் கூடியது. பிரெஞ்சுக் காது அசை அசையாகக் கேட்கிறது என்று முடிவு கட்டினார்கள். 1986இல் கட்லரும் மெலரும் நோரிஸும் செகியும் சேர்ந்து அதே சோதனையை ஆங்கிலேயர்களிடம் நடத்தினார்கள். அந்த வேறுபாடு மறைந்தே போனது! 'பாலன்ஸ்' ஆனாலும் 'பால்கனி' ஆனாலும் ஒன்றுதான். பிரெஞ்சுச் சொற்களைக் கொடுத்தபோதும் ஆங்கிலேயர்கள் அசைப்படி வெட்டவில்லை. ஆங்கிலச் சொற்களைக் கொடுத்தபோதும் பிரெஞ்சுக்காரர்கள் அசைப்படியே வெட்டினார்கள். ஆக, வெட்டும் முறை சொல்லில் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் அழுத்தம் விழும் அசையைச் சொல்லின் தொடக்கமாகக் கொள்கிறார்கள் என்பதைக் கட்லரும் நோரிஸும் 1988இல் காட்டினார்கள். ஆங்கிலத்தில் பொருள் தாங்கும் சொற்களில் மிகப் பெரும்பாலானவை அழுத்தமான அசையில்தான் தொடங்குகின்றன. ஆகவே அது அவர்களுக்குக் கைகொடுக்கும் உத்தி.

இரு மொழியிலும் சரளமானவர்கள் என்ன செய்வார்கள்? பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் பிறந்தவர்களைப்போலவே பேசுவோரைக் கூட்டிச் சோதித்தார்கள். எந்த மொழி அவர்களுக்கு முதன்மையானது என்று கண்டறிய ஒரு கேள்வி கேட்கப்பட்டது: உயிர் பிழைக்க மூளையில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும், அதில் ஒரு மொழி அழிந்துபோகும் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்? எந்த மொழியை விடமாட்டேன் என்றார்களோ, அந்த மொழியின் வெட்டும் முறை மட்டுமே அவர்களிடம் இருந்தது. 1992இல் வெளிவந்த அந்த ஆய்வை நான் எப்போது நினைத்தாலும், பள்ளியில் முழுநாளும் ஆங்கிலம் கேட்டுவிட்டு வீட்டில் தமிழ் கேட்கும் நம் பிள்ளைகள்தான் கண்முன் வருகிறார்கள். அவர்களை இப்படிச் சோதித்துப் பார்க்க வேண்டாமா?

பிறகு ஜப்பானியம். அங்கே வெட்டும் அலகு அசையும் இல்லை, அழுத்தமும் இல்லை. 1993இல் ஒட்டகேயும் கட்லரும் அவர்தம் கூட்டாளிகளும் 'தனிஷி', 'தன்ஷி' என்பன போன்ற சொற்களை வைத்துச் சோதித்தார்கள். 'தன்' என்ற துண்டைத் 'தன்ஷி'யில் எளிதாகக் கண்டுகொண்ட ஜப்பானியர்கள், 'தனிஷி'யில் அதைத் தவறவிட்டார்கள். அவர்கள் கேட்பது மோரா என்ற கால அளவின்படி. குறில் ஒன்று, நெடில் இரண்டு, உயிரேறாத மூக்கொலி ஒன்று என்று எண்ணும் அளவு அது. இலக்கணம் படித்த தமிழருக்கு இது புதிதாக இருக்காது. 'கண்ணிமை நொடி' என்று தொல்காப்பியம் வரையறுக்கும் மாத்திரைக்கு இது நெருங்கிய உறவு.

இந்த இடத்தில்தான் நம் குடும்பத்து மொழி ஒன்று கதைக்குள் வருகிறது. 2007இல் லலிதா மூர்த்தி, தகாஷி ஒட்டகே, ஆன் கட்லர் மூவரும் தெலுங்கு பேசுவோருக்கு ஜப்பானியச் சொற்களையும் ஜப்பானியருக்குத் தெலுங்குச் சொற்களையும் கேட்கக் கொடுத்தார்கள். இரு மொழிக்கும் எந்த உறவும் இல்லை. தாளம் மட்டும் ஒத்திருக்கிறது. தெலுங்கர்கள் ஜப்பானியத்தை ஜப்பானியர் வெட்டுவதுபோலவே வெட்டினார்கள். தெலுங்கர்கள் தங்கள் சொந்த மொழியைக் கேட்டபோது வந்த முடிவுகள் மட்டும் அவ்வளவு தெளிவாக இல்லை, கலந்தே இருந்தன. இன்னும் தோண்டச் சொல்லும் முடிவு அது. தோண்ட வேண்டியவர்கள் நாம் அல்லவா?

தமிழருடைய காது மாத்திரையை எண்ணுகிறதா, அசையை எண்ணுகிறதா? 'பண்' என்ற துண்டைப் 'பண்டம்' என்ற சொல்லிலும் 'பணிவு' என்ற சொல்லிலும் தேடச் சொன்னால் என்ன நடக்கும்? நம் யாப்பில் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. இரண்டு குறில்களைச் சேர்த்து ஒரே அசையாக, நிரையசையாகக் கொள்கிறோம். மேலைநாட்டு ஒலியியல் பார்வையில் அது இரண்டு அசை. செய்யுளுக்காகப் புலவர்கள் வகுத்துக்கொண்ட ஏற்பாடா அது, அல்லது தமிழ்ச் செவியில் உண்மையிலேயே ஓர் அலகாக உட்கார்ந்திருக்கிறதா? ஒரு மடிக்கணினியும் நல்ல ஹெட்ஃபோனும் அமைதியான ஓர் அறையும் இருந்தால் இந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கலாம். நரம்பியல் கருவிகள் பிறகு வரட்டும்.

தமிழ் இந்த ஆய்வுக்கு வைத்திருக்கும் செல்வம் அத்தோடு நிற்கவில்லை. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது வராது என்று நம் இலக்கணம் விரிவாகச் சொல்கிறது. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யாத தமிழர்கூட அதைக் காதால் அறிந்திருக்கக்கூடும். கடன் சொற்கள் வந்து ரகரத்தையும் லகரத்தையும் டகரத்தையும் முதலில் நிற்க வைத்துவிட்டன. ஆனால் ண, ள, ழ மூன்றும் இன்றுவரை ஒரு சொல்லையும் தொடங்குவதில்லை. ஆகவே ழகரம் காதில் விழுந்தால், 'இங்கே புதுச் சொல் தொடங்கவில்லை' என்ற தகவல் கேட்பவருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. மொழியின் இத்தகைய ஒலிச்சேர்க்கை விதிகளைக் கேட்பவர்கள் சொல் பிரிக்கப் பயன்படுத்துகிறார்கள் என்பதை டச்சு மொழியில் மெக்வீன் காட்டியிருக்கிறார். ஃபின்னிஷ் மொழியில் ஒரு சொல்லின் உயிர்கள் ஒன்றோடொன்று இணங்கி வரும் இயல்பு அதே வேலையைச் செய்கிறது என்று 1997இல் சுவோமி, மெக்வீன், கட்லர் மூவரும் காட்டினார்கள். ஃபின்னிஷும் தமிழைப்போல ஒட்டு மொழிதான்.

வல்லினத்தையும் பாருங்கள். 'கடல்' என்பதன் ககரம் ஒன்று, 'அகம்' என்பதன் ககரம் வேறு. ஒரே எழுத்தாக எழுதினாலும் சொல்முதலில் வன்மையாகவும், உயிர்களுக்கிடையில் மென்மையாகவும் ஒலிக்கிறோம். அந்த மென்மையே 'நீ இப்போது சொல்லின் நடுவில் இருக்கிறாய்' என்று காதுக்குச் சொல்லும் சைகையாக இருக்கலாம். பள்ளியில் பலரை வாட்டும் இந்த ஒலி வேறுபாடு கேட்பவருக்கு உதவி செய்கிறதா என்று யாராவது அளந்து பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆனால் புணர்ச்சி வந்து எல்லாவற்றையும் கலைக்கிறது. 'அவள் எங்கே' என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை, 'அவளெங்கே' என்கிறோம். அந்த 'ளெ'யில் மெய் முதல் சொல்லுக்குச் சொந்தம், உயிர் அடுத்த சொல்லுக்குச் சொந்தம். 'வீடு இல்லை' என்பது 'வீடில்லை' ஆகும்போது முதல் சொல்லின் கடைசி உகரமே காணாமல் போகிறது. ஓர் அசையைக் குறுக்கே பிளந்து இரண்டு சொல்லுக்குப் பங்கு போட வேண்டிய கட்டாயம் தமிழ் கேட்பவருக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் வருகிறது. பிரெஞ்சிலும் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. முன்சொல்லின் மெய் பின்சொல்லின் உயிரோடு ஒட்டிக்கொள்ளும்போது, அந்த மெய் நீடிக்கும் கால அளவிலுள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கேட்பவர்கள் துணையாகக் கொள்கிறார்கள் என்று ஸ்பினெல்லி, மெக்வீன், கட்லர் மூவரும் 2003இல் கண்டார்கள். தமிழில் 'அவளெங்கே'யின் ளகரமும் 'களங்கம்' என்பதன் ளகரமும் ஒரே நீளமா? உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் ஒரு பருவத்தில் அளந்துவிடலாம்.

இந்திய மொழிகளிலிருந்து இத்துறைக்குப் பெரிய பங்களிப்பு வர முடியாது என்று நினைப்பவர்களுக்கு வங்காளம் பதில் சொல்லும். அதிதி லாகிரியும் மார்ஸ்லன்-வில்சனும் 1991இல் வெளியிட்ட ஆய்வு வங்காளத்தையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டது. வங்காளத்தில் மூக்கொலி உயிர் தனியே பொருள் வேறுபடுத்தும். மூக்கு மெய்க்கு முன்னால் வரும் உயிரும் தானாகவே மூக்கொலி பெறும். சொல்லைத் துண்டு துண்டாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கக் கொடுத்தபோது, மூக்கொலி உயிர் காதில் விழுந்ததும் வங்காளிகள் தனி மூக்கொலி உயிருள்ள சொற்களையே பெரும்பாலும் விடையாகச் சொன்னார்கள். பின்னால் மெய் வந்த பிறகுதான் மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலத்தை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டைக் கண்டிருக்க முடியாது. மனத்தில் சொல் எந்த வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்ற விவாதத்தையே அந்த ஆய்வு திருப்பிவிட்டது. நம் பேச்சிலும் 'மரம்', 'வந்தான்' என்பவற்றின் கடைசி மெய் கரைந்து, முந்தைய உயிரே மூக்கால் ஒலிக்கிறது. கேட்பவர் மனத்தில் அந்த மகரமும் னகரமும் இன்னும் இருக்கின்றனவா? பள்ளிக்குப் போகாதவர் மனத்தில்? இதைக் கேட்க உலகில் தமிழைவிட நல்ல மொழி அதிகம் இராது.

மூளைக்குள்ளேயே என்ன நடக்கிறது என்று பார்ப்பவர்களும் நமக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங்கின் குழு, வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் வைக்கப்பட்ட நோயாளிகளின் ஒத்துழைப்போடு, பேச்சு கேட்கும்போது மூளையில் காதோரமாக இருக்கும் பொட்டு மடலின் மேல்மடிப்பில் எழும் மின்னசைவுகளைப் பதிவு செய்தது. நிமா மெஸ்கரானியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2014இல் வெளியான அந்த ஆய்வில், ஓரிடம் ப, த போன்ற அடைப்பொலிகளுக்கும், வேறோரிடம் ஸ, ஷ போன்ற உரசொலிகளுக்கும், இன்னோரிடம் மூக்கொலிகளுக்கும் எழுந்து நின்றது. ஒலி பிறக்கும் இடத்தைவிட ஒலிக்கும் விதமே அங்கே முதன்மையான பிரிவாகத் தெரிந்தது. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று ஒலிக்கும் விதத்தால் மெய்களைப் பிரித்த மரபில் வந்தவர்கள் நாம். பழைய இலக்கண ஆசிரியர்கள் மூளையைப் படித்தார்கள் என்று யாரும் பெருமை பேசக் கூடாது; அவர்கள் நாவையும் செவியையும் கூர்ந்து கவனித்தார்கள், அதுவே பெரிய காரியம். ஆனால் ர, ல, ழ, ள என்ற நான்கும் அருகருகே நிற்கும் மொழியைக் கேட்டே வளர்ந்த மூளையில் அந்த மடிப்பு எப்படி இயங்கும் என்று அறிய எனக்கு ஆசையாக இருக்கிறது.

இவ்வளவும் அறிவின் ஆசை. இனி என் அறைக்குள் வரும் மனிதர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

பக்கவாதம் கண்ட ஒரு நெசவாளர் என்னிடம் பயிற்சிக்கு வந்தார். காது நன்றாகக் கேட்கிறது. 'சட்டை' என்று சொன்னால் சட்டியின் படத்தைக் காட்டுவார். 'நாற்காலி' என்றால் தயங்காமல் நாற்காலியைக் காட்டுவார். 'நாற்காலி' எளிதாகவும் 'சட்டை' கடினமாகவும் இருப்பதற்குக் காரணம், 'சட்டை'யோடு மோதும் சொற்கள் அதிகம் என்பதாக இருக்கலாம். சட்டி, சட்டம், சடை, பட்டை, மட்டை என்று அதைச் சுற்றிலும் கூட்டம். இப்படி ஒலியால் நெருங்கிய சொற்கள் கூடக் கூட ஒரு சொல்லை அடையாளம் காண்பது கடினமாகும் என்பதை ஆங்கிலத்தில் பால் லூஸும் டேவிட் பிசோனியும் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு ஆய்விதழோடு நின்றுவிடவில்லை. 1995இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேரன் கிர்க், பிசோனி, ஆஸ்பெர்கர் மூவரும் அதைக் கொண்டு காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தைகளுக்கென்று ஒரு சோதனையே உருவாக்கினார்கள். சிறு குழந்தைகள் பேச்சில் உண்மையில் வரும் சொற்களை எடுத்து, அடிக்கடி வருபவை, எப்போதாவது வருபவை, நெருங்கிய ஒலிச்சொற்கள் குறைந்தவை, நிறைந்தவை என்று பிரித்துப் பட்டியலிட்டார்கள். குழந்தை எங்கே தடுமாறுகிறது என்பது மட்டுமல்லாமல் ஏன் தடுமாறுகிறது என்பதும் பயிற்சியாளருக்குத் தெரிய வரும்.

நம் மாநிலத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தப்படுகிறது. ஏழைத் தாய் தகப்பனின் பிள்ளைக்கு அந்தக் கருவி கிடைப்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் செய்தி. கருவி பொருத்திய பிறகுதான் என் போன்றோரின் வேலை தொடங்குகிறது. தமிழில் சோதனைச் சொற்பட்டியல்கள் இருக்கின்றன, பயன்படுத்தவும் செய்கிறேன். எனக்குத் தேவைப்படுவது அவற்றின் பின்னால் நிற்க வேண்டிய கணக்கு: தமிழ்க் குழந்தை எந்தச் சொல்லை எவ்வளவு அடிக்கடி கேட்கிறது, ஒவ்வொரு சொல்லையும் சுற்றி எத்தனை ஒலியுறவுச் சொற்கள் நிற்கின்றன. அதுவும் பேச்சு வடிவில். பட்டியலில் 'கல்' என்று இருக்கும். குழந்தை வீட்டில் கேட்டது 'கல்லு'. 'கல்'லின் அண்டைச் சொற்கள் பல், கால், கண், கள். 'கல்லு'க்குக் கணக்கு மாறிவிடும். எழுத்து வடிவைக் கொண்டு சோதித்துவிட்டு, குழந்தைக்குக் கேட்கவில்லை என்று எழுதுவது நியாயமாகாது. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இவ்வளவு விலகி நிற்கும் நம் சமூகத்தில், செவிக்கான ஆய்வு பேச்சுத் தமிழில்தான் தொடங்க வேண்டும். குமரிப் பேச்சும் கொங்குப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் அதில் இடம்பெற வேண்டும். இரண்டு ஒலிகளுக்கு நடுவே நிற்கும் ஓர் ஒலியைப் பழக்கமான 20 சொற்களுக்குள் வைத்துக் கேட்டாலே காது தன் எல்லையை நகர்த்திக்கொள்கிறது என்று நோரிஸ், மெக்வீன், கட்லர் மூவரும் 2003இல் கண்டறிந்தார்கள். வேற்று வட்டாரப் பேச்சுக்கும் புதிய குரலுக்கும் நாம் பழகுவது இப்படித்தான் என்றால், அதே திறமையை இம்ப்ளான்ட் தரும் புதிய ஒலிக்குப் பழகும் பயிற்சியில் எப்படிப் பயன்படுத்துவது என்று எனக்கு யார் சொல்லித் தருவார்கள்?

காலம் தாழ்த்தக் கூடாது என்பதற்கும் கட்லரின் பணியிலேயே சான்று இருக்கிறது. கொரியாவில் பிறந்து, சிறு வயதிலேயே நெதர்லாந்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டு, கொரிய மொழியை முற்றிலும் மறந்து டச்சு மட்டுமே பேசி வளர்ந்தவர்களை, ஜியூன் சோய், மிரியம் பிரூர்ஸ்மா, கட்லர் மூவரும் பெரியவர்களான பிறகு சோதித்தார்கள். 2017இல் வந்த முடிவு இது: கொரிய ஒலி வேறுபாடுகளைக் கற்றுக்கொடுத்தபோது, அவர்கள் மற்ற டச்சுக்காரர்களை முந்திக்கொண்டார்கள். பிறந்து ஆறு மாதம்கூட ஆகும் முன்பே கொரியாவை விட்டுப் போனவர்களும் அப்படியே. பேசத் தொடங்காத கைக்குழந்தை முதல் சில மாதங்களில் கேட்டது பல பத்தாண்டுகள் கழித்தும் மூளையில் தங்கியிருந்தது. செவிக்குறையோடு பிறக்கும் குழந்தையின் ஒவ்வொரு மாதமும் எத்தகையது என்று இதைப் படித்தபின் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது கைபேசியே தமிழைக் கேட்டு எழுதுகிறதே, மனித மூளையை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது என்று சில நிர்வாகிகள் கேட்கலாம். அந்த இயந்திரங்கள் கேட்பது எண்ணற்ற மணி நேரப் பதிவுகளின் பலத்தில். நெசவாளரின் மூளையில் எது அறுந்துபோனது, எதை மீண்டும் கட்டலாம் என்பதற்கு அவற்றிடம் விடை இல்லை.

அடித்தளம் போட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அறிவேன். எலினோர் கீன் தமிழின் தாளத்தைப் பேச்சு வடிவிலும் எழுத்து வடிவிலும் அளந்து 2006இல் எழுதினார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம் பல தலைமுறை ஒலியியலாளர்களை உருவாக்கியது. மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனமும் ஒரே ஊரில் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேச்சுத் தொழில்நுட்பமும் மூளை ஆய்வும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. மொழியியலாளர் ஒரு கட்டடத்திலும் நரம்பியலாளர் வேறு ஊரிலும் என் போன்றோர் மருத்துவமனையிலும் தனித்தனியே உட்கார்ந்திருப்பதுதான் குறை. நைமேகனில் கட்லர் சாதித்தது இந்த மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்ததால்தான் என்பது என் எண்ணம். அவருடைய கட்டுரைகளில் ஆசிரியர் பெயர்களைப் பாருங்கள். தனியாக எழுதியவை குறைவு.

ஆகவே என் கோரிக்கை இவ்வளவுதான். அடுத்த கல்வியாண்டில் முதுகலை, முனைவர் பட்ட ஆய்வுத் தலைப்புகளை முடிவு செய்யும்போது, உங்கள் துறையில் ஒரு மாணவருக்காவது தமிழ்ச் செவியைக் கொடுங்கள். முதலில் பேச்சுத் தமிழின் சொல் வழக்கெண் பட்டியல், அதாவது எந்தச் சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற பட்டியல் வேண்டும். குழந்தைகள் கேட்கும் பேச்சிலிருந்தும் முதியோர் பேச்சிலிருந்தும் அதைத் திரட்டுங்கள். திரட்டியதைப் பூட்டி வைக்காமல் எல்லோரும் பயன்படுத்தத் திறந்துவிடுங்கள். அது கையில் இருந்தால், ஒலியால் நெருங்கிய சொற்களின் கணக்கை ஓர் இளநிலை மாணவரே கணினியில் எடுத்துத் தந்துவிடுவார். மாத்திரையா அசையா என்ற சோதனையை அதற்காகக் காத்திருக்காமல் உடனே தொடங்கலாம். மாணவர் எங்கள் பயிற்சி அறைக்கு வந்து உட்கார விரும்பினால் கதவு திறந்திருக்கும். நோயாளிகளும் பெற்றோரும் இசைந்தால், உங்கள் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தால், பயிற்சிப் பதிவுகளைப் பகிரவும் அணியமாக இருக்கிறேன். என்னைப் போன்ற பயிற்சியாளர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் பலரும் இதையே சொல்வார்கள். எங்களை அழையுங்கள்.

மிகுந்த மதிப்புடன்,
பேச்சு, கேட்டல் பயிற்சியாளர் ஒருவர்